கடிகாரத்துக்கு முன்னால் கழுத்து வலிக்க நிற்கலாமா?

போன இதழில் மத்திய ஐரோப்பிய ரயில் பயணத்தைப் பற்றி எழுதும்போது செக் நாட்டின் பிராக் நகரத்தை நாலே வரியில் முடித்துவிட்டேன். அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அவ்வளவு பழைய தலைநகரத்துக்கு நாலு வரிதானா?" என்று ஆரம்பித்து, அடுத்த மாதம் போகப்போகிறோம், மகன் அங்கே வேலையில் இருக்கிறான், தேனிலவுக்குப் போகிறோம் என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. அவற்றிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். "பார்க்க வேண்டிய பத்து இடம் எழுதுங்கள்" என்று கேட்டவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பட்டியல் கிடையாது. பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள்தான் திரும்பி வந்து "எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் இருக்கு அக்கா" என்கிறார்கள்.

கேள்வி: பழைய நகரச் சதுக்கத்தில் இருக்கிற வானியல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்த என் தம்பி, "ஒரு நிமிஷம்கூட இல்லை, நாலு பொம்மை தலையாட்டுது, அதுக்கு இத்தனை பேர் கழுத்தை ஒடித்துக்கொண்டு நிற்கிறார்கள்" என்கிறான். போகலாமா, விட்டுவிடலாமா?

பதில்: தம்பி சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. காலை 9 மணியிலிருந்து இரவு 11 மணி வரை ஒவ்வொரு மணிக்கும் மேலே இரண்டு சின்ன ஜன்னல் திறக்கும், இயேசுவின் பன்னிரண்டு சீடர்களும் வரிசையாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பக்கத்தில் மரணத்தின் உருவமாக நிற்கிற எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்கும், கண்ணாடி பார்க்கிற ஆளும் பணப்பையைப் பிடித்திருக்கிற கஞ்சனும் "இப்ப வரமாட்டேன்" என்பது போல் தலையாட்டுவார்கள், கடைசியில் ஒரு தங்கச் சேவல் கூவும். முடிந்தது. கூட்டம் கைபேசியை இறக்கிக்கொண்டு கலைந்துவிடும்.

நான் சொல்வது, அந்தக் கூட்டம் கலைந்த பிறகு போய் நில்லுங்கள். பொம்மைகளை விடுங்கள், கீழே இருக்கிற வட்டத்தைப் பாருங்கள். 1410-இல் மிக்குலாஷ் என்ற கடிகாரக் கம்மியரும் யான் ஷிண்டெல் என்ற வானியல் பேராசிரியரும் சேர்ந்து செய்த கருவி அது. பொம்மைகளெல்லாம் பின்னால் சேர்த்தவை. சேவல் வந்ததே 1882-இல்தான். வட்டத்தின் மேல்பாதி நீலம், அது பகல். அடியில் கறுப்பு, அது இரவு. இரண்டுக்கும் நடுவே செம்மண் நிறத்தில் விடியலும் அந்தியும். தங்கக் கை ஒன்று இருக்கும், அதில் ஒரு சூரியன் மாட்டியிருக்கும். இன்னொரு கம்பியில் பாதி வெள்ளி, பாதி கறுப்பாக ஒரு குட்டி உருண்டை, அதுதான் நிலா. வளர்பிறை தேய்பிறைக்கு ஏற்றபடி தானாகவே திரும்பிக்கொள்ளும்.

இப்போது வெளி வளையத்தைப் பாருங்கள். பழைய எழுத்தில் 1 முதல் 24 வரை எண்கள். அந்த வளையம் வருடம் முழுக்க மெதுவாக முன்னும் பின்னும் நகரும், எப்படியென்றால் 24 என்ற எண் அன்றைய சூரியன் மறைகிற நேரத்துக்கு நேராக வந்து நிற்கும்படி. பழைய செக் நாட்டு வழக்கப்படி பொழுது சாய்ந்ததும் நாள் முடிந்தது, அங்கிருந்து அடுத்த நாளுக்கு எண்ண ஆரம்பிப்பார்கள். தங்கக் கை 20-இல் நின்றால் பொழுது சாய இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது என்று அர்த்தம். வண்டி ஓட்டுகிறவனுக்கும் சந்தையில் கடை போட்டவனுக்கும் அதுதானே வேண்டும்! இது போதாதென்று நீலப் பகுதியில் 1 முதல் 12 வரை வளைந்த கோடுகள். சூரியன் உதித்ததிலிருந்து மறைகிற வரை உள்ள பொழுதைப் பன்னிரண்டாகப் பிரித்தது. கோடையில் அந்த 'மணி' நீளம், குளிர்காலத்தில் குட்டை. நம் பஞ்சாங்கக்காரர்கள் ராகு காலத்துக்குப் பகல் பொழுதை எட்டாகப் பிரிக்கிறார்களே, அதே கணக்குதான். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த வீட்டுப் பெரியவர் யாராவது கூட வந்தால் வழிகாட்டியே வேண்டாம், அரை மணியில் அவரே மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருப்பார்.

இந்தக் கடிகாரத்தைச் செய்தவர் ஹனுஷ் என்றும், வேறு ஊருக்கு இது மாதிரி இன்னொன்று செய்துவிடக் கூடாதென்று நகர சபைக்காரர்கள் அவர் கண்ணைக் குருடாக்கிவிட்டார்கள் என்றும் அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கதை. செய்தது மிக்குலாஷ் என்பதற்குப் பழைய ஆவணமே இருக்கிறது. கடிகாரத்துக்கு உண்மையாகவே கண் போனது 1945 மே மாதத்தில், போர் முடிய ஒரு நாள் இருக்கும்போது கடிகாரம் இருக்கிற நகர மண்டபத்தை ஜெர்மானியர் சுட்டு எரித்தபோது. 1948-இல்தான் மறுபடி ஓடியது. இன்று ஜன்னலில் எட்டிப் பார்க்கிற சீடர்கள் அப்போது புதிதாகச் செதுக்கியவர்கள்.

அங்கிருந்து நகர்வதற்கு முன் காலுக்குக் கீழேயும் ஒரு தரம் பாருங்கள். மண்டபத்தின் பக்கம் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1621 ஜூன் 21 அன்று அந்த இடத்தில் 27 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள், பன்னிரண்டு பேருடைய தலைகளைச் சார்லஸ் பாலத்துக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். ஏன் என்பது இன்னொரு வாசகரின் கேள்வியில் வருகிறது.

கேள்வி: எங்களுக்கு முழுசாக இரண்டே நாள்தான். முதல் நாள் எங்கே ஆரம்பிப்பது?

பதில்: சார்லஸ் பாலம், விடியற்காலை. பேரம் பேச வேண்டாம். ஜூனில் போனால் 5 மணிக்கு முன்னாலேயே விடிந்துவிடும், அது கஷ்டம்தான். டிசம்பரில் போகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள், 8 மணி சுமாருக்குத்தான் சூரியனே வரும், குளித்துவிட்டுக் காபி குடித்துவிட்டே போகலாம். பத்து மணிக்கு மேல் அந்தப் பாலம் திருவிழாக் கூட்டம், சிலை எது, செல்ஃபி எடுக்கிற ஆள் எது என்று தெரியாது.

516 மீட்டர் நீளம், 16 வளைவு, இருபுறமும் 30 சிலைகள். 1841 வரை இந்த நகரத்தில் வல்தாவா ஆற்றைக் கடக்க இது ஒன்றுதான் பாலம். நான்காம் சார்லஸ் அரசர் ஜோசியத்தில் நம்பிக்கை உள்ளவராம், 1357-ஆம் ஆண்டு 7-ஆம் மாதம் 9-ஆம் தேதி காலை 5 மணி 31 நிமிடத்துக்கு முதல் கல்லை வைத்தார் என்பார்கள். வருடம், தேதி, மாதம், மணி, நிமிடம் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள்: 1357 9 7 5 31. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான். நிமிடம் வரை யார் குறித்து வைத்தார்கள் என்று கேட்காதீர்கள், நல்ல கதையைக் கெடுக்கக் கூடாது. இன்னொரு கதை, சுண்ணாம்புக் கலவை கெட்டியாக இருக்க நாடு முழுவதிலுமிருந்து முட்டை வரவழைத்தார்களாம். வெல்வரி என்ற ஊர்க்காரர்கள் வழியில் உடைந்துவிடுமே என்று அவித்து அனுப்பினார்களாம். பாவம், அந்த ஊரை இன்றுவரை கிண்டல் செய்கிறார்கள்.

சிலைகளில் பெரும்பாலானவை நகல். வெயில் மழையில் கெடாமல் இருக்க மூலச் சிலைகளை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நெபோமுக் யோவான் சிலையின் அடியில் இருக்கிற வெண்கலத் தகடு மட்டும் பளபளவென்று இருக்கும், தொட்டுத் தொட்டுத் தேய்ந்தது. 1393-இல் இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் எறியப்பட்ட பாதிரியார். ராணியின் பாவசங்கீர்த்தன ரகசியத்தைச் சொல்ல மறுத்ததால் ராஜா கொன்றார் என்பது பக்தர்கள் சொல்வது. ஒரு மடத்துத் தலைவர் பதவியில் ராஜாவுக்கும் பேராயருக்கும் நடந்த இழுபறியில் இவர் மாட்டிக்கொண்டார் என்பது வரலாறு. தொட்டால் மறுபடி பிராக் வருவீர்களாம். நான் தொட்டேன், மறுபடி போனேன், ஆனால் டிக்கெட் காசு என்னுடையதுதான்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. கோட்டை மலை மேல் இருக்கிறது என்கிறார்கள். அவரைக் கீழேயே உட்கார வைத்துவிட்டுப் போகவா?

பதில்: ஐயோ, வேண்டாம். கீழேயிருந்து படியேறிப் போகிறவர்கள்தான் அவதிப்படுகிறார்கள். 22-ஆம் எண் டிராமில் ஏறுங்கள், அது மலையைச் சுற்றிக்கொண்டு மேலே போகும், 'ப்ராஷ்ஸ்கி ஹ்ராட்' என்ற நிறுத்தத்தில் இறங்கினால் அங்கிருந்து கோட்டை வாசல் வரை கிட்டத்தட்ட சமதளம், மெதுவாக நடந்தாலும் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். முற்றங்களுக்குள் போகக் கட்டணம் இல்லை, கட்டடங்களுக்குள் போகத்தான் சீட்டு. திரும்பும்போதும் அதே டிராமிலேயே வந்துவிடுங்கள். "இறக்கம்தானே" என்று பழைய படிக்கட்டு வழியாக அம்மாவை இறக்காதீர்கள், முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன்.

உள்ளே போனால் புனித விட்டஸ் பேராலயத்துக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 1344-இல் ஆரம்பித்து 1929-இல் முடித்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கட்டினார்கள் என்று நினைத்தால் தப்பு, நடுவில் போர் வந்து பல நூறு வருடம் அரைகுறையாகவே நின்றுவிட்டது. கிழக்குப் பாதியும் மேற்குப் பாதியும் வெவ்வேறு காலம், ஆனால் பார்த்தால் தெரியாது. நுழைந்ததும் இடப்பக்கம் மூன்றாவது ஜன்னல் ஓவியர் அல்போன்ஸ் முக்கா வரைந்தது, 1931. மற்ற ஜன்னல்கள் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைக் கோத்தவை. இவர் கண்ணாடி மேலேயே தீட்டியிருக்கிறார், அதனால்தான் முகங்களெல்லாம் அவ்வளவு மென்மை. நடுவில் சிவப்பு உடுப்பில் ஒரு பையன், பக்கத்தில் பாட்டி. பையன்தான் பின்னாளில் புனிதர் ஆன வென்செஸ்லாஸ். ஜன்னலின் அடிப்பகுதியைக் கூர்ந்து பாருங்கள், பணம் கொடுத்த 'ஸ்லாவியா' வங்கியின் பெயர் இருக்கும். டியூப் லைட்டில் உபயம் எழுதுகிற பழக்கம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

அதே ஆலயத்தில் ஏழு பூட்டுப் போட்ட ஒரு கதவு இருக்கிறது. உள்ளே ராஜ கிரீடம். ஏழு சாவியும் ஏழு பேரிடம், ஜனாதிபதி, பிரதமர், பேராயர், நகர மேயர் என்று. ஏழு பேரும் ஒன்றுகூடினால்தான் திறக்கும். எப்போதாவதுதான் வெளியே எடுத்துக் காட்டுவார்கள்.

கேள்வி: ஜன்னல் வழியாக ஆளைத் தூக்கி எறிந்ததால் முப்பது வருடப் போர் வந்தது என்று படித்தேன். அந்த ஜன்னலைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும், கோட்டைக்குள் பழைய அரண்மனையில் இருக்கிறது, அதே சீட்டில் பார்க்கலாம். 1618 மே 23. கத்தோலிக்கப் பேரரசர் தரப்பு ஆளுநர்கள் இரண்டு பேரோடு வாக்குவாதம் முற்றி, புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் அவர்களை ஜன்னல் வழியாக வெளியே தள்ளினார்கள். குமாஸ்தா ஒருவர் குறுக்கே பேசினார் போலிருக்கிறது, அவரையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். சுமார் 20 மீட்டர் உயரம். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். தேவதூதர்கள் தாங்கிப் பிடித்தார்கள் என்றார்கள் கத்தோலிக்கர்கள். குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றார்கள் எதிர்த் தரப்பு. எனக்கு மிகவும் பிடித்தது குமாஸ்தாவின் கதைதான். அவருக்குப் பின்னால் பேரரசர் பிரபுப் பட்டம் கொடுத்தார், பட்டப் பெயர் ஜெர்மன் மொழியில் 'ஹோகன்ஃபால்'. பொருள், உயரத்திலிருந்து விழுதல்! கிண்டலா மரியாதையா என்று இன்னும் புரியவில்லை.

புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் 1620-இல் வெள்ளை மலைப் போரில் தோற்றார்கள். சதுக்கத்தில் நான் சொன்ன 27 சிலுவைகள் அதன் விளைவுதான். ஜன்னலிலிருந்து சிலுவை வரை நடந்தால் அரை மணி நேரம். வரலாற்றில் மூன்று வருடம்.

கேள்வி: யூரோ கொண்டுபோனால் போதுமா? பணம் மாற்றுவதில் ஏமாற்றுகிறார்கள் என்கிறார்களே?

பதில்: செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் பணம் கொருனாதான். சில கடைகளில் யூரோ வாங்குவார்கள், விலை அவர்கள் வைத்ததுதான். அட்டை கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் செல்லும். ஏடிஎம் இயந்திரமோ கடையில் இருக்கிற கருவியோ "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா, கொருனாவிலா?" என்று கேட்டால் எப்போதும் கொருனாவை அழுத்துங்கள். மற்றதில் விகிதம் மோசமாக இருக்கும்.

பணம் மாற்றுகிற கடை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் தடவை போனபோது சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை, பலகையில் பெரிய எழுத்தில் நல்ல விகிதம். நூறு யூரோ கொடுத்தேன், எண்ணிப் பார்த்தால் கணிசமாகக் குறைகிறது. கேட்டால் அந்தப் பெண் விரலால் பலகையைக் காட்டினார்: பெரிய எழுத்து அவர்கள் யூரோ விற்கிற விலை, வாங்குகிற விலை கீழே பொடி எழுத்தில். என் தப்புத்தான், சண்டை போட மனமில்லை. இப்போது காலம் மாறிவிட்டது. 2019-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். 1000 யூரோ மதிப்பு வரைக்கும், மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு அதே கடைக்குப் போனால் மாற்றியதை ரத்து செய்துகொள்ளலாம். அதனால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். தெருவில் வந்து "நல்ல ரேட்டு தருகிறேன்" என்று கிசுகிசுக்கிறவனிடம் மட்டும் நின்று பேசவே பேசாதீர்கள், வேறு ஏதோ நாட்டில் செல்லாமல் போன நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவான்.

டிராம், மெட்ரோ சீட்டும் அப்படித்தான், காகிதச் சீட்டு வாங்கினால் மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு சீட்டே இல்லை. சோதனைக்காரர்கள் சாதாரண உடையில்தான் வருவார்கள், "எங்களுக்குத் தெரியாது" என்பது எடுபடாது.

கேள்வி: யூதர் பகுதி பார்க்கச் சீட்டு விலை அதிகமாக இருக்கிறது. கல்லறைகளைப் பார்க்க அவ்வளவு கொடுக்கணுமா? பத்து வயது மகளைக் கூட்டிப் போகலாமா?

பதில்: கொடுக்கலாம். சனிக்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும்.

பழைய கல்லறை சின்ன இடம். யூதர்களுக்கு வேறு நிலம் கொடுக்கவில்லை, புதைத்த இடத்தைத் தோண்டிக் கலைப்பதும் அவர்கள் மதத்தில் கூடாது. அதனால் மேலே மண் கொட்டி அடுத்த அடுக்கு, அதன் மேல் இன்னொன்று என்று சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு வரை போயிருக்கிறது. கீழே உள்ளவர்களின் கல்லையும் மேலே தூக்கி நட்டுவிடுவார்கள். அதனால் இன்று சுமார் 12,000 கற்கள், ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, நெரிசல் பஸ்ஸில் நிற்பது போல நிற்கின்றன. இருப்பதில் பழையது 1439. கடைசியாகப் புதைத்தது 1787. களிமண்ணால் கோலெம் என்ற ராட்சதனைச் செய்ததாகக் கதை சொல்வார்களே, அந்த ரபி (யூத மதகுரு) லோவ் இங்கேதான் இருக்கிறார், கல்லின் மேல் கூழாங்கற்களும் மடித்த சீட்டுகளும் கிடக்கும்.

ஆனால் நீங்கள் கொடுக்கிற காசு பக்கத்தில் இருக்கிற பின்காஸ் தொழுகைக்கூடத்துக்கே தகும். கீழ்த்தளத்தில் படமோ பொருளோ இருக்காது. வெறும் சுவர். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பூவேலை போட்ட சுவர் மாதிரி இருக்கும், கிட்டே போனால்தான் எழுத்து என்று தெரியும். நாஜிகள் கொன்ற செக் நாட்டு யூதர்கள் கிட்டத்தட்ட 78,000 பேரின் பெயர்கள், கையால் எழுதியவை. குடும்பப் பெயர் சிவப்பில், பிறகு சொந்தப் பெயர், பிறந்த தேதி, கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிகிற தேதி. ஒரே குடும்பப் பெயருக்குக் கீழே ஆறேழு பேர், எல்லோருக்கும் கடைசித் தேதி ஒன்று. 1950-களில் எழுதினார்கள், 1968-க்குப் பிறகு கம்யூனிஸ்ட் அரசு ஈரம் ஊறுகிறது என்று காரணம் சொல்லி மூடியது, பெயர்களும் போயின. 1990-களில் அத்தனை பெயரையும் மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள்.

மாடியில் நாஜிகளின் தெரேசின் முகாமில் அடைக்கப்பட்ட குழந்தைகள் வரைந்த படங்கள். அவர்களுக்கு ரகசியமாக ஓவியம் சொல்லிக் கொடுத்தவர் ஃப்ரீட்ல் டிக்கர் பிராண்டெய்ஸ். ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்படும் முன்னால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்துவிட்டுப் போனார். அவர் திரும்பவில்லை. படங்களில் வண்ணத்துப்பூச்சி, வீடு, சாப்பாட்டு மேஜை. உங்கள் மகள் வயதில் வரைகிற அதே படங்கள்தான். கூட்டிப் போகலாம், ஆனால் என்ன பார்க்கப் போகிறோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அங்கே போய் அவள் கேட்கும்போது பதில் சொல்ல உங்களுக்குக் குரல் வராது.

கேள்வி: சுத்த சைவம். பட்டினிதானா?

பதில்: அந்தக் காலம் போச்சு. மெனுவில் 'பெஸ்மசா' என்று தலைப்பு இருந்தால் அது இறைச்சி இல்லாத பகுதி. 'ஸ்மஜெனி சீர்', அதாவது ரொட்டித்தூள் தடவிப் பொரித்த தடித்த சீஸ் துண்டும் உருளைக்கிழங்கும், எங்கேயும் கிடைக்கும். முதல் நாள் அமிர்தம், மூன்றாம் நாள் பார்க்கவே பிடிக்காது. கூட வைக்கிற டார்டார் சாஸில் முட்டை உண்டு. சூப்பில் காய்தான் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள், பன்றி இறைச்சித் துண்டு அடியில் கிடக்கும், கேட்டுவிடுங்கள். எனக்குப் பிடித்தது 'ஓவோத்ஸ்னே க்னெட்லீக்கி': மாவுக்குள்ளே பிளம்ஸோ ஸ்ட்ராபெரியோ வைத்து உருட்டி வேகவைத்து, மேலே துருவிய பாலாடைக்கட்டி, சர்க்கரை, உருக்கிய வெண்ணெய். நம் பூரணக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதை இனிப்பாக அல்ல, மதியச் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள்.

தெருவெல்லாம் 'பழைய பொஹீமியப் பலகாரம்' (பொஹீமியா செக் நாட்டின் ஒரு பகுதி) என்று பலகை போட்டு உருளையில் சுற்றிச் சுடுகிற த்ரடெல்னீக்கை விற்பார்கள். சாப்பிடுங்கள், நன்றாகத்தான் இருக்கும். பழையதுமில்லை, பொஹீமியாவுமில்லை, சுற்றுலாக்காரர்களுக்காக இந்த இருபது வருடத்துக்குள் வந்து பரவியது.

கேள்வி: பிராக் குழந்தை இயேசு இந்த ஊர்தானே? பக்கத்து வீட்டு அக்கா அங்கிருந்து ஒரு படம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.

பதில்: இந்த ஊரேதான். பலருக்கு இது தெரியாது. படத்தை வீட்டில் மாட்டியிருப்பார்கள், பெயரில் இருக்கிற பிராக் ஒரு ஊர் என்று யோசித்திருக்க மாட்டார்கள். வெற்றி மாதா ஆலயம், கர்மெலித்ஸ்கா தெருவில், அதே 22-ஆம் எண் டிராமில் ஹெல்லிகோவா நிறுத்தம். பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள், சிலை 47 சென்டிமீட்டர் உயரம்தான், மெழுகு பூசியது, ஸ்பெயினிலிருந்து வந்தது. 1628-இல் பொலிக்சேனா என்ற சீமாட்டி கார்மேல் துறவிகளுக்குக் கொடுத்தார். வலப்பக்க பீடத்தில் கண்ணாடிக்குள் இருக்கும். திருவிழாக் காலத்துக்கு ஏற்றபடி உடை மாற்றுவார்கள், தவக்காலத்தில் ஊதா, பெருவிழாக்களில் வெள்ளை. அலங்காரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகவே இருக்காது. குறுகலான சுழல்படியில் ஏறினால் மேலே உடைகளுக்கென்றே ஒரு சின்ன அருங்காட்சியகம், மரியா தெரசா பேரரசி 1743-இல் கொடுத்த பச்சை வெல்வெட் அங்கி உட்பட. படம், செபமாலை எல்லாம் அங்கேயே கடையில் கிடைக்கும்.

கேள்வி: அந்த ஊருக்கும் தமிழுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. கமில் சுவெலபில். 1927 நவம்பர் 17 அன்று பிராகில் பிறந்தவர், சார்லஸ் பல்கலைக்கழகத்தில் படித்து அங்கேயே தமிழும் கற்பித்தவர். சங்க இலக்கியத்தையும் சித்தர்களையும் முருகனையும் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதியவற்றைத் தொடாமல் இன்றும் யாரும் தமிழாராய்ச்சி செய்துவிட முடியாது. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் நகரத்துக்குள் வந்தன. அதற்குப் பிறகு அவர் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்கா, பின் நெதர்லாந்து என்று போய்விட்டார். 2009-இல் காலமானார்.

அவருக்கென்று தனியாகப் பார்க்கிற இடம் என்று நான் எதையும் காட்ட மாட்டேன். ஆனால் பல்கலைக்கழகத்தின் கலைப்புல கட்டடம் ஆற்றோரமாக யான் பலாக் சதுக்கத்தில் நிற்கிறது, யூதர் பகுதியிலிருந்து நாலு எட்டு. யான் பலாக் அந்தப் புலத்து மாணவன், வயது 20. டாங்கிகளை எதிர்த்து 1969 ஜனவரியில் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் தீக்குளித்தான். கட்டடச் சுவரில் அவனுடைய முகத்தின் அச்சு பதித்திருக்கும். நான் அதன் எதிரே உட்கார்ந்து, இந்த ஊரில் இருபது வயதுப் பிள்ளைகள் அகநானூற்றை எழுத்துக்கூட்டிப் படித்திருப்பார்களே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்த்த மாணவர் ஊர்வலம் கிளம்பிய தேதியும் நவம்பர் 17தான், 1989-இல்.

கேள்வி: எழுத்தாளர் காஃப்காவின் வீடு, எலும்புத் தேவாலயம், எது விட்டாலும் பரவாயில்லை?

பதில்: கோட்டைக்குள் தங்கச் சந்தில் 22-ஆம் எண் வீடு, காஃப்கா 1916-17 குளிர்காலத்தில் உட்கார்ந்து எழுதியது, இப்போது புத்தகக் கடை, இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒன்றுமில்லை. நேஷனல் தெருப் பக்கம் 42 அடுக்காகச் சுழல்கிற அவருடைய எஃகுத் தலை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மனித எலும்புகளால் அலங்கரித்த அந்தத் தேவாலயம் பிராகில் இல்லை, குட்னா ஹோராவில், ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். இரண்டு நாள்தான் இருக்கிறதென்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: காசு செலவில்லாமல் என் ஏழு வயதுப் பையன் துள்ளிக் குதிக்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பதில்: மெட்ரோ பச்சைத் தடத்தில் 'நாமெஸ்தி மீரு' நிலையம். தரைக்கு 53 மீட்டர் கீழே இருக்கிறது, மேலே வர 87 மீட்டர் நீள நகரும் படிக்கட்டு. ஏறி நின்றால் மேல்முனை தெரியாது, பக்கச் சுவரில் விளம்பரப் படங்களெல்லாம் சாய்ந்து மாட்டியது போலத் தோன்றி, நேராக நிற்கிற மனிதர்கள்தான் சாய்ந்திருக்கிறார்களோ என்று சந்தேகம் வரும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். எப்படியும் கையில் மெட்ரோ சீட்டு இருக்கும், தனிச் செலவில்லை. பையன் மறுபடி கீழே போகலாம் என்பான், போங்கள். வலப்பக்கம் ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள், இடப்பக்கம் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு.